தகிதம லாரியின் வலப்பக்கம்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதிதான் சாப்பாட்டுக்கு. மறுபாதி லாரி நிறுத்துமிடம். எல்லாம் ஒரு முழத்துக்கும் குறைவான லாரிகள். ஆனால் அவற்றுக்கு இருக்கிற மரியாதை அந்த வீட்டில் எனக்குக் கிடையாது. சூப் கிண்ணத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் போதும், சமையல் அடுப்பின் பக்கமிருந்து குரல் வந்துவிடும்.

"ஏங்க, பம்பர் காயுது. ஆவி படுதுல்ல? கிண்ணத்தைக் கையில வெச்சுக் குடிங்க."

நானும் கையில் வைத்துத்தான் குடிக்கிறேன், பதினாறு வருஷமாக.

என் மனைவி ரிட்சுகோ ஹச்சினோஹே மீன் சந்தையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். குள்ளமான உருவம், கனத்த குரல். கானாங்கெளுத்திப் பெட்டிகளை எட்டடுக்கு அடுக்கித் தூக்கிக்கொண்டு, ஈரத் தரையில் ஒரு பெட்டிகூட ஆடாமல் அவள் திரும்புவதைப் பார்க்க வேண்டும். நான் ஓட்டுவது பால் லாரி. முன்னால் வெள்ளை, பின்னால் வெள்ளை, பக்கவாட்டில் அதைவிட வெள்ளை. எங்கள் கம்பெனி ஒரு ஸ்டிக்கர் ஒட்டவும் விடாது. மீன் லாரிக்காரர்கள் தங்கள் வண்டியைக் கல்யாண வீடு மாதிரி விளக்கும் படமும் வைத்து ஜோடித்துக்கொண்டு ஓட்டுகிற ஊரில், நான் ஐஸ் பெட்டிக்குச் சக்கரம் வைத்தது போல ஒன்றை ஓட்டிக்கொண்டு போகிறேன். வீட்டுக்கு வந்தால் சோற்றுக்குப் பக்கத்தில் நூறு விளக்கு லாரி. என் நிலைமை அப்படி.

இதை ஆரம்பித்து வைத்ததும் நானேதான். பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவள் காலில் மீன் பெட்டி விழுந்து எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. சும்மா உட்கார்ந்து என்னைத் திட்டாமல் இருக்கட்டும் என்று கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் லாரிப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவு. பாகம் பாகமாக வெட்டி ஒட்டி வண்ணம் அடிக்க வேண்டும். ஒட்டினாள். முன்கண்ணாடியில் பசை படிந்த அவள் கட்டைவிரல் ரேகை. ஒரு சக்கரம் ஆகாயத்தைப் பார்த்தது. "என்னம்மா, விபத்துல மாட்டின வண்டியா?" என்று சிரித்துவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "இன்னொண்ணு வாங்கிட்டு வாங்க" என்றாள். அந்த ஒரு சிரிப்பில் என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

பெட்டிக்குள் வருகிற விளக்கத் தாளை அவள் பிரித்துப் பார்த்ததே இல்லை. மூன்று பெட்டி வாங்கி ஒரு லாரி செய்வாள். ஒன்றின் தலை, இன்னொன்றின் அடிச்சட்டம், மூன்றாவதில் சக்கரம் மட்டும். மற்றதெல்லாம் அவள் கண்ணில் படுவதுதான். ஊசி மருந்துக் குழலின் முனையை அறுத்தால் புகைக்குழாய். நகத்தில் ஒட்டும் பளபளப்புத் தாளை வெட்டினால் பம்பர். சவரம் செய்யப் போனால் என் பிளேடு இருக்காது. ஜன்னல் ஓரம் சீவிய பிளாஸ்டிக் துகள்களோடு கிடக்கும். விளக்குகள் எள்ளைவிடக் கொஞ்சம் பெரியவை. ஒவ்வொன்றுக்கும் தலைமுடி போன்ற இரண்டு கம்பிகளைச் சூட்டுக்கோலால் ஈயம் வைத்து ஒட்ட வேண்டும். அந்த நேரத்தில் அவள் மூச்சு விடமாட்டாள், நானும் விடக் கூடாது. ஒருமுறை தும்மிவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கடைக்குப் போனேன்.

ஊரில் இப்படிக் குட்டி லாரி செய்கிறவர்களுக்கு ஒரு சங்கம். நாற்பது பேர், இவள் ஒருத்திதான் பெண். தலைவர் ஓகுதேரா முடிதிருத்துகிறவர். கை நடுங்காத மனிதர், வாய் மட்டும் நிற்காது. ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீனவர் சங்கக் கூடத்தில் கண்காட்சி. அங்கே இரண்டு மேசை. ஒன்றில் யார் வேண்டுமானாலும் கற்பனையாகச் செய்ததை வைக்கலாம். இன்னொன்று பெயர் மேசை. சாலையில் உண்மையில் ஓடிய ஒரு லாரியை, அதே பெயரில், அப்படியே செய்தால்தான் அங்கே இடம். லாரியின் சொந்தக்காரர் நேரில் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். "என் வண்டி" என்று சொன்னால், தன் கையாலேயே அட்டையில் பெயர் எழுதி, விளக்கையும் அவரே போடுவார். அதுவரை விளக்கு எரியக் கூடாது. ஏதாவது பிசகு என்றால் லாரி பெட்டிக்குள் போகும். இதில் பெரிய சட்டம் ஒன்று உண்டு: கண்ணால் பார்த்துச் செய்யலாம், சொந்தக்காரரிடம் வாயைத் திறந்து கேட்கக் கூடாது.

ரிட்சுகோ பதிமூன்று வருஷம் முதல் மேசையிலேயே வைத்தாள். பாராட்டாமல் இல்லை, "ஃபோர்க்லிஃப்ட் அக்கா நல்லா செஞ்சிருக்கு" என்பார்கள். அந்தப் பாராட்டு அவளுக்குக் கசக்கும். பெயர் மேசைதான் வேண்டும் என்று அவளுக்கு வெறி. போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் முடிவு செய்தாள்: மாபெச்சி பெரியவரின் சிதோரிமாரு.

மாபெச்சி தனி ஆள். ஒரே லாரி, படகுக்கு வைப்பது போல அதற்குப் பெயர். கூட்டம் கூடுகிற இடத்துக்கெல்லாம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை. மீன் ஏற்றுவார், போவார். பன்னிரண்டு வருஷம் அந்த லாரிக்கு மீன் ஏற்றியவள் ரிட்சுகோ. போன இலையுதிர் காலத்தில் அவருக்குக் கண் மங்கி லாரியை விற்றார். வாங்கினவர் அலங்காரத்தையெல்லாம் கழற்றி உடைத்துவிட்டார். இந்த ஜூலையில் பெரியவர் மகளோடு இருக்கத் தெற்கே போகிறார். அதனால் இந்த ஜூன் ஒன்றுதான் வாய்ப்பு. கண்காட்சிக்கு வருகிறேன் என்று சொல்லியும் அனுப்பிவிட்டார்.

ஒன்றரை வருஷ வேலை. இடப்பக்கத்தில் பறக்கிற மூன்று பறவைகளின் இறகைத் தனித்தனியாக வரைந்தாள். விளக்கு கடைசியில் நூற்றுப் பன்னிரண்டு வந்தது. உடல் முழுக்க முடித்துவிட்டுக் கடைசியில்தான் முகம் செய்வது அவள் வழக்கம். கண்காட்சிக்குப் பதினோரு நாள் இருக்கும்போது ஒரு மாலையில் நான் வேலை முடிந்து வந்தால், அவள் அடுப்பைப் பற்றவைக்காமல் மேசை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, உடைஞ்சு போச்சா?"

"உடைஞ்சா ஒட்டிக்கலாம். வலப்பக்கம் இல்லைங்க."

"இருக்கே? வெள்ளையா இருக்கே?"

"அதான் சொல்றேன். வெள்ளையா இருக்கு. அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

விஷயம் இதுதான். சந்தையில் சிதோரிமாரு எப்போதும் ஐஸ் ஆலைச் சுவரை ஒட்டித்தான் நிற்கும். வலப்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பூனை போகலாம். மீன் ஏற்றுவதெல்லாம் இடப்பக்கம். ரிட்சுகோ பன்னிரண்டு வருஷம் பார்த்தது அந்த ஒரு பக்கம்தான். மறுபக்கத்தை யாரிடமாவது பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசிக்கு விட்டிருந்தாள். சங்கத்தில் யாரிடம் இருந்த படத்திலும் அந்தப் பக்கமே. சந்தையில் விசாரித்தாள். "ஏதோ எழுத்து இருந்துச்சுக்கா" என்றார்கள், அதற்கு மேல் ஒருத்தருக்கும் தெரியவில்லை. பெரியவரிடம் கேட்கவோ சட்டம் விடாது.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும். இதையே திருப்பிப் போடு" என்றேன்.

"இருக்கும், இருக்கும். 'இருக்கும்'னு பெயர் மேசையில வைக்க முடியுமா?"

மறுநாள் காலையில் அவள் லாரிக்கு முகத்தை மாட்டியிருந்தாள். நான் பல் தேய்த்துக்கொண்டே மேசைப் பக்கம் வந்தேன். நெற்றியில் வில் போல ஏழு ஊதா விளக்கு. அதில் ஒன்று மட்டும் கொஞ்சம் சாய்ந்து, கண்ணடிக்கிற மாதிரி. வாயில் இருந்த நுரையை விழுங்கிவிட்டேன்.

"அட! இது தகிதம!"

"எது?"

"தகிதம லாரி! தினமும் காலையில தானெயிச்சி வளைவுல எதிர்ல வந்துக்கிட்டு இருந்துச்சே!"

ரிட்சுகோ மெதுவாகத் திரும்பினாள். அவள் கையில் சூட்டுக்கோல் இருந்தது. நான் ஓரடி பின்னால் போனேன்.

"எதிர்லன்னா... நீங்க வடக்கே வருவீங்க, அது தெற்கே போகும்?"

"ஆமா."

"அப்ப உங்க கண்ணுக்கு எந்தப் பக்கம் தெரியும்?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இங்கே எல்லோரும் சாலையின் இடப்பக்கம் போகிறோம். எதிரில் வருகிற வண்டி எனக்குக் காட்டுவது அதன் வலப்பக்கத்தைத்தான். அவள் பன்னிரண்டு வருஷம் இடப்பக்கத்தைப் பார்த்தாள், நான் அதே பன்னிரண்டு வருஷம் வலப்பக்கத்தைப் பார்த்தேன். அவள் அதைச் சிதோரிமாரு என்றாள், நான் அதில் எழுதியிருந்ததைப் படித்து மனதுக்குள் தகிதம என்றேன். இரண்டும் ஒரே லாரி என்று தெரியாமலே ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம்!

"உட்காருங்க" என்றாள் ரிட்சுகோ.

"வேலைக்கு நேரமாச்சு."

"சாயங்காலம் உட்காருவீங்க."

அன்று மாலை விசாரணை தொடங்கியது. போலீஸ்காரர்கள் தோற்றார்கள். மேலே என்ன நிறம், கீழே என்ன நிறம், விளக்கு எத்தனை, பறவை உண்டா இல்லையா? நான் உட்கார்ந்து யோசிக்க யோசிக்க எல்லாம் மறைந்துகொண்டே போனது. தினமும் இரண்டு விநாடி பார்த்தது, அவ்வளவுதான். அவள் தாளில் கணக்குப் போட்டாள். வருஷத்துக்கு இருநூற்றைம்பது நாள், பன்னிரண்டு வருஷம். மொத்தம் நூறு நிமிஷம்.

"நூறு நிமிஷம் ஒரு சினிமா பார்த்துட்டு அதுல யார் நடிச்சாங்கன்னு தெரியாதுன்னா உங்களை என்ன சொல்றது?"

"துண்டு துண்டா காட்டினா யாருக்குத்தான் தெரியும்?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அது வந்தால் எனக்கு வேலை வருகிறது என்று அர்த்தம்.

"துண்டாவே காட்டறேன்."

குட்டை முக்காலியில் என்னை உட்காரவைத்தாள். கையில் பானை மூடி, அதுதான் ஸ்டியரிங். துணி தேய்க்கிற பலகையை என் வலப்பக்கத்தில், கண் மட்டத்துக்கு உயர்த்தி வைத்தாள். லாரியைப் பலகையில் நிறுத்தி, தூண்டில் நூல் கட்டி, எனக்குப் பின்னால் போய் நின்றாள்.

"நேரா ரோட்டைப் பாருங்க. லாரியைப் பார்க்காதீங்க. வழக்கமா ஓட்டுற மாதிரி ஓட்டுங்க."

சரக்கென்று என் காதோரம் லாரி ஓடியது. ஒன்றும் வரவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. ஐந்தாவது தடவை, நான் யோசிக்காமலே வாய் கத்தியது.

"பச்சை!"

"எங்க?"

"கீழ் வரிசை! எல்லாம் சிவப்பு, நாலாவது மட்டும் பச்சை!"

அவள் பாய்ந்து வந்து பென்சிலால் குறித்தாள். மறுபடி இழுத்தாள். "அலை! பறவை இல்ல, அடியில அலை!" மறுபடி. "நடுவுல நாலு விளக்குப் பெட்டி! ஒவ்வொண்ணுலயும் ஒரு எழுத்து!" எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் மண்டைக்குள் இவ்வளவு இருக்கிறது என்று ஐம்பத்திரண்டு வயதுவரை எனக்கே தெரியாது! மூன்று மாலை, முப்பத்தொரு ஓட்டம். சோறு இரண்டு தடவை அடிப்பிடித்தது, யாரும் கவலைப்படவில்லை. நான்காம் நாள் காலையில் நிஜமான தானெயிச்சி வளைவில் திரும்பும்போது இன்னொன்று பளிச்சென்று வந்தது. லாரியை ஓரம் கட்டி அவளுக்குப் போன் போட்டேன்.

"நீலம் இல்ல! பச்சை கலந்த நீலம்! அலையைச் சொல்றேன்!"

"கத்தாதீங்க, நான் மீனைத் தூக்கிட்டு நிக்கிறேன்" என்றாள். சிரிக்கிறாள் என்று குரலில் தெரிந்தது.

எழுத்தில்தான் தகராறு வந்தது.

"தகிதமன்னா என்னங்க?"

"அவரோட பேரு."

"அவரு பேரு மாபெச்சி."

"அப்ப கம்பெனி பேரு."

"தனி ஆளுக்கு ஏது கம்பெனி?"

"மாமியார் ஊரா இருக்கும், போ. நான் தினமும் 'வணக்கம் தகிதம அண்ணே'ன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டுப் போனவன். அந்த நாலு எழுத்துல தப்பே கிடையாது. த, கி, த, ம."

அவள் ஒரு தகட்டில் எழுதினாள். ஆனால் மனம் கேட்காமல், இடப்பக்கத்தை அப்படியே திருப்பிப் போட்டு, மூன்று பறவையும் சிதோரிமாரு என்ற பெயருமாக இன்னொரு தகடும் செய்து வைத்துக்கொண்டாள். காந்தம் வைத்த தகடு. எதை வேண்டுமானாலும் ஒரு நொடியில் மாட்டலாம். அதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, மீனவர் சங்கக் கூடம் ஒரே இரைச்சல். வாசலில் கோதுமை வில்லை போட்ட சூப் கொதித்தது. பெயர் மேசையில் ரிட்சுகோ லாரியை இறக்கி வைத்ததும் சுற்றிக் கூட்டம். ஓகுதேரா குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தார்.

"அக்கா, இடப்பக்கம் அப்படியே உரிச்சு வெச்சிருக்கீங்க. இந்தப் பக்கம் என்னக்கா தகிதம?"

"தெரியாது."

"தெரியாமலே எழுதிட்டீங்களா? யாரு பார்த்தது?"

"என் வீட்டுக்காரர்."

"யாரு, பால்காரரா?" என்று பின்னாலிருந்து ஒருவன். "அவரு மாட்டைத் தவிர வேற எதையும் பார்த்து நான் பார்த்ததில்லையே!"

கூடமே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் ஓட்டுவது லாரிதானடா, மாட்டு வண்டி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஓகுதேரா ரிட்சுகோவிடம் குரலைத் தாழ்த்தினார்.

"பேசாம பையில தெரியுதே, அந்த இன்னொரு தகட்டைப் போடுங்கக்கா. சிதோரிமாருன்னு இருந்தா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. பெரியவருக்கும் கண்ணு சரியில்ல. கடந்து போயிடும்."

"கண்ணு சரியில்லாதவரை ஏமாத்தறதுக்கா ஒன்றரை வருஷம் உட்கார்ந்தேன்?" என்று ஒரு போடு போட்டாள். ஓகுதேரா சூப் குடிக்கப் போய்விட்டார்.

ஆனால் அவளுக்கும் பயம்தான். மாட்டியிருந்த தகட்டைக் கழற்றி வலது கையில் வைத்துக்கொண்டாள், இடது கையில் இன்னொன்று. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். வாசலில் மாபெச்சி செருப்பைக் கழற்றுவது தெரிந்தது. என்னைச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏங்க, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. நிஜமாப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"தகிதமதானா?"

"தகிதமதான். தப்புன்னா லாரியோட சேர்த்து என்னையும் அந்தப் பெட்டியில போட்டு மூடிடு."

ஒரு நொடி என்னையே பார்த்தாள். காலில் எந்தச் சாக்ஸ் போட்டிருக்கிறான் என்றுகூடப் பார்க்காத மனிதன் என்று என்னைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லுகிறவள் அவள். போய், என் தகட்டை மாட்டினாள். டக்கென்று காந்தம் பிடித்துக்கொண்டது. இன்னொன்றைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

மாபெச்சி வந்தார். ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி. யாரிடமும் பேசாமல் லாரியின் முன்னால் குனிந்து, மூக்கு படுகிற தூரத்தில் முகத்தைக் கொண்டுபோனார். சாய்ந்த ஊதா விளக்கைப் பார்த்து, "ம்" என்றார். இடப்பக்கம் போனார். சுண்டுவிரலை லாரியில் படாமல் நகர்த்திக்கொண்டே விளக்குகளை எண்ணினார். பின் சக்கரத்துக்கு மேலே விரல் நின்றது.

"இங்க ஒரு பள்ளம் இருக்கு."

"ஆமாங்க ஐயா" என்றாள் ரிட்சுகோ.

"இது எட்டாவது வருஷம் விழுந்தது. நீ இடிச்சதுதானேன்னு கேட்டேன். இல்லவே இல்லைன்னு சாதிச்சியே!"

ரிட்சுகோவின் முகம் வேகவைத்த நண்டு நிறமாகிவிட்டது. "நான்தான் ஐயா இடிச்சேன். மன்னிச்சிடுங்க. இல்லாததைச் செய்யக் கூடாது, இருந்ததை விடவும் கூடாதுல்ல... அதான் போட்டேன்."

கூடம் கொல்லென்று சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. பின்பக்கம் பார்த்தார். "ம்." பிறகு வலப்பக்கம் வந்தார்.

நின்றார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். ரிட்சுகோ என் சட்டைக் கையைப் பிடித்தாள். பெரியவரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரா, கோபமா, ஒன்றும் தெரியவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை.

"தகிதம ஐயா! தப்பா இருந்தா என்னைத் திட்டுங்க. அவமேல தப்பில்ல. பார்த்தது நான்தான்!"

அவர் நிமிர்ந்தார். கண்ணில் தண்ணீர், ஆனால் வாய் முழுக்கச் சிரிப்பு.

"யாருடா தகிதம?"

"நீங்கதான்... எழுதியிருக்கே."

"அட மடையா! லாரிக்கு எது முன்பக்கம்? முகம் எங்க இருக்கோ அதுதானே? எதிர்ல போகும்போது முதல்ல முகம் வரும், அப்புறம்தானே வால் வரும்? முகத்துப் பக்கமிருந்து படிடா!"

விரலை லாரியின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, வலமிருந்து இடமாக ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டார். "ம. த. கி. த."

மதகித! எங்கள் பேச்சில், 'மறுபடியும் வந்துட்டேன்' என்று அர்த்தம்.

கூடத்தில் வெடித்த சிரிப்பில் சூப் அண்டா அதிர்ந்திருக்கும். லாரியின் வலப்பக்கத்தில் முன்னிருந்து பின்னாக எழுதுவது பழைய ஓட்டுநர்களின் பழக்கம். அங்கே நின்ற நாற்பது பேருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அதை ஒரு பெயர் என்று நினைத்துவிட்டதில், லாரிக்காக உயிரை விடுகிற அந்த நாற்பது பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஓகுதேரா தலையில் அடித்துக்கொண்டார். மாட்டைப் பற்றிப் பேசியவன் முதல் ஆளாகக் கை தட்டினான்.

"அது யாருக்காக ஐயா எழுதினது?" என்று ரிட்சுகோ கேட்டாள்.

"தினமும் காலையில ஒரு வெள்ளைப் பால் லாரி எதிர்ல வரும்மா. ஓட்டுறவன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு, கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பான். இவனை ஒரு நாளாவது சிரிக்க வைக்கணும்னுதான் அந்த நாலு பெட்டியையும் மாட்டினேன். பன்னெண்டு வருஷம்! சிரிக்கவே இல்ல, படுபாவி."

நான் ஓரடி முன்னால் வந்தேன்.

"ஐயா, அந்தப் படுபாவி நான்தான்."

அவர் என் முகத்துக்குக் கிட்டே வந்து பார்த்தார். லாரியைப் பார்த்தது போலவே, மூக்கு படுகிற தூரத்தில்.

"ஆமா, அதே மூஞ்சி!"

"தினமும் உங்களுக்கு வணக்கம் சொன்னேங்க. மனசுக்குள்ள."

"மனசுக்குள்ள சொன்னா எனக்கு எப்படிடா கேக்கும்?"

ஒரு மனிதர் மூவாயிரம் காலை எனக்கு வணக்கம் வைத்திருக்கிறார், நான் அதைத் தலைகீழாகப் படித்துவிட்டு நேராகப் போயிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதற்கு மேல், சொல்ல முடியாத சந்தோஷம். நான் சிரித்தேன். நின்ற இடத்திலேயே, எல்லோர் முன்னாலும், வயிறு வலிக்கச் சிரித்தேன். பெரியவர் என் முதுகில் ஓங்கி ஓர் அறை கொடுத்தார்.

"இப்பதான்டா சிரிக்கிறான்!"

பிறகு லாரியின் பக்கம் திரும்பினார்.

"என் வண்டி" என்றார்.

சுவிட்சை அழுத்தினார். நூற்றுப் பன்னிரண்டு விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தன. கீழ் வரிசையில் நாலாவது, பச்சை. யாரோ "ஓ" என்று கத்தினார்கள், பிறகு எல்லோரும் கத்தினார்கள். ரிட்சுகோ கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாய் மட்டும், "எரியுது, எல்லாம் எரியுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

ஓகுதேரா அட்டையும் பேனாவும் நீட்டினார். பெரியவர் குனிந்து, சிதோரிமாரு என்று பெரிதாக எழுதி, கீழே தன் பெயரை எழுதினார். செய்தவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"உன் பேரு என்னடா? பன்னெண்டு வருஷமாத் தெரியாது."

"கிமியோ."

அவர் எழுதினார்: இடப்பக்கம், ரிட்சுகோ. வலப்பக்கம், கிமியோ.

"ஒரு திருகாணி முடுக்கல இந்த மனுஷன்" என்று தரையிலிருந்து ரிட்சுகோ சொன்னாள். பிறகு எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அட்டையை வாங்கி லாரிக்கு முன்னால் அவளே வைத்தாள். என் பெயர் தூரத்திலிருந்து தெரிகிறதா என்று இரண்டு தடவை தள்ளி நின்று பார்த்து, கொஞ்சம் நேராக்கி வைத்ததும் அவள்தான்.